கரி பஸ்ஸும் என் இருமலும்

பஸ்ஸில் ஏறிவிட்டால் காலுக்கு ஓய்வு என்று நினைக்கிறவர்கள் கரி பஸ்ஸில் ஏறாதவர்கள்.

யுத்த காலத்தில் பெட்ரோல் எல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டது. பட்டணத்து பஸ்களின் முதுகில் ஆளுயரப் பீப்பாய் ஒன்றை மாட்டி, அதில் சவுக்குக் கரியைப் போட்டு எரித்து, அதிலிருந்து வரும் வாயுவில் வண்டியை ஓட்டினார்கள். அப்படி ஒரு பஸ்ஸில் நான் கண்டக்டர். தியாகராய நகரில் புறப்பட்டு ஆழ்வார்பேட்டை, லஸ், மயிலாப்பூர் குளம், சாந்தோம் வழியாக அடையாறு போய்த் திரும்புவோம். பெரும்பாலும் திரும்புவோம்.

இதைப் படிக்கிற உங்களில் பல பேர் எங்கள் வண்டியில் வந்து அவதிப்பட்டவர்களாகத்தான் இருப்பீர்கள். வெள்ளை வேட்டியோடு ஏறிச் சாம்பல் வேட்டியோடு இறங்கியிருப்பீர்கள். நீங்கள் அரை மணி நேரம் விழுங்கிய புகையை நான் நாள் முழுவதும் விழுங்கினேன் என்று நினைத்து மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேட்டியோடு போயிற்று. எனக்குக் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் முதலில் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும்.

திருப்பள்ளியெழுச்சி

விடியற்காலையில் எங்கள் டிரைவர் கவுஸ் பாய் பீப்பாய்க்குள் கரியைக் கொட்டுவார். மண்ணெண்ணெயில் நனைத்த துணியைக் கொளுத்தி உள்ளே போடுவார். அதோடு அவர் வேலை முடிந்தது. பீடி ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார். பீப்பாயின் விலாவில் ஒரு காற்றாடிச் சக்கரம் உண்டு. அதன் கைப்பிடியைப் பிடித்துக் கரி கனலும் வரை சுற்றுவது என் பங்கு. சுற்றச் சுற்றப் புகை வரும். முதலில் வெள்ளை, பிறகு மஞ்சள், அப்புறம் பெயர் வைக்காத ஒரு நிறம். சுற்றுகிறவனுக்கு மூச்சு வாங்கும். மூச்சோடு கொசுறாகப் புகையும் வாங்க வேண்டும். சில மாதங்களில் என் புஜம் கர்லாக்கட்டை சுற்றுகிறவன் புஜம் போல் திரண்டு, சட்டைக் கை தைத்த இடத்தில் விட்டுப்போயிற்று. நெஞ்சுக்குள்ளே மட்டும் ஓர் இருமல் குடித்தனம் வந்து சேர்ந்தது.

மழை பெய்த ஒரு காலையில் கரி நமத்துப்போய், சுற்றிச் சுற்றி என் தோள் கழன்றதுதான் மிச்சம். வண்டிக்குள்ளே ஆட்கள் நிறைந்து உட்கார்ந்து என்னைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். எதிர்ச்சாரியில் ஆப்பக்கடை வைத்திருந்த அஞ்சலை, இரும்புக் கரண்டியோடு வந்து பீப்பாய்க்குள் எட்டிப் பார்த்தாள். அடியில் கொஞ்சம் கனல் தெரிந்தது. அவள் முகம் மலர்ந்தது.

"பஸ்ஸு கெளம்புறப்போ கெளம்பட்டும் நைனா, எனுக்கு ரெண்டு தணல் குடு. ஆப்பமாச்சும் வேவட்டும்!"

சாந்தோம் திருப்பம்

எங்கள் வண்டியில் உட்கார இடம் பிடிப்பது ஒரு வித்தை. பீப்பாய் பின்பக்கம் இடது மூலையில் இருந்தது. மயிலாப்பூரிலிருந்து கிழக்கே போகும் வரை கடற்காற்று எதிரே அடிப்பதால் புகை பின்னால் போய்விடும். சாந்தோமில் தெற்கே திரும்பினோமோ இல்லையோ, அதே காற்று புகையை அள்ளி வலப்பக்கத்து ஜன்னல்களில் கொட்டும். தினமும் வருகிறவர்களுக்கு இது தெரியும். வண்டி திரும்பத் தொடங்கியதும் வலப்பக்கத்தார் அத்தனை பேரும் குடையையும் கூடையையும் தூக்கிக்கொண்டு இடப்பக்கம் தாவுவார்கள். புதிதாக வந்தவர்கள் மட்டும், இவ்வளவு இடம் காலியாகிவிட்டதே என்று சந்தோஷமாக வலப்பக்கம் போய் உட்காருவார்கள். அந்தச் சந்தோஷத்தை நான் கெடுத்ததில்லை. புகை கெடுத்துவிடும்.

எல்லோரும் ஒரே பக்கம் சேர்ந்தால் வண்டி அந்தப் பக்கம் சாயும். கவுஸ் பாய் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "சாமி, பாதி பேரு இந்தாண்ட வாங்க, வண்டி கவுந்துரும்!" என்று கத்துவார். யாரும் அசைய மாட்டார்கள். லஸ்ஸில் ஏறும் வக்கீல் சேஷாத்ரி ஐயர் ஒருவர்தான் ஒரு நாள் எழுந்தார். இரண்டு பேர் உட்காரும் பலகையில் ஒருவராக உட்காருகிற சரீரம் அவருக்கு. மூக்கை அங்கவஸ்திரத்தால் கட்டிக்கொண்டு தன்னந்தனியாக வலப்பக்கம் போய் உட்கார்ந்தார். வண்டி நிமிர்ந்தது. அவர் எல்லோரையும் பார்த்துச் சொன்னார்:

"நீங்கள்ளாம் அந்தப் பக்கமே சௌக்கியமா இருங்கோ. இந்தத் தராசுத் தட்டுக்கு நான் ஒருத்தன் போறும்!"

காபிக்கு முன்னால் ஏறிய புரை

பாண்டி பஜாரில் சின்னதாக ஜவுளிக்கடை வைத்திருந்த சங்கரலிங்கம் பிள்ளை திருநெல்வேலிக்காரர். எங்களுக்கும் பூர்வீகம் அந்தப் பக்கம்தான். அவருடைய மகள் கோமதியை என் அம்மா கோயிலில் எனக்குக் காட்டினாள். பிராகாரத்தில் தோழியிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு போனாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு லஸ்ஸுக்கு டிக்கெட் கேட்டவர்களுக்கு நான் அடையாறு கிழித்துக் கொடுத்தேன். கட்டினால் இந்தப் பெண்ணைத்தான் கட்டுவது, இல்லாவிட்டால் கரியும் புகையுமாகவே காலத்தைக் கழித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

பிள்ளை மாப்பிள்ளை பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்தார். பேச்சோடு பேச்சாக என் புஜத்தைப் பிடித்து அமுக்கிப் பார்த்தார். அவருக்குத் திருப்தி. அம்மா சொஜ்ஜியும் காபியும் கொண்டு வந்தாள். அந்த நேரம் பார்த்து என் நெஞ்சுக்குள் குடியிருந்தவன் புறப்பட்டான். அப்படி ஓர் இருமல் நான் அதுவரை இருமியதில்லை. சுவரில் மாட்டியிருந்த படம் ஆடியது. "புரை ஏறிடுச்சு" என்று அம்மா சமாளித்தாள். காபி டம்ளரை நான் இன்னும் தொடவே இல்லை. வாயைத் துடைத்த கைக்குட்டையில் கறுப்பு. அந்தக் காலத்தில் வாலிபப் பையன் இருமினால் க்ஷயரோகம் என்றுதான் முதலில் நினைப்பார்கள். அந்த வார்த்தையைச் சொன்னாலே ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து சொல்லவும் மாட்டார்கள். பிள்ளையும் சொல்லவில்லை. மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். வாசல் வரை போய், மனம் கேட்காமல் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, மனசுல வச்சுக்கிடாதீங்க. ஆளு நல்ல ஆளு, கையி நல்ல கையி. நெஞ்சுதான் வேற ஆருக்கோ உள்ளது மாதிரி இருக்கு!"

வக்கீலின் இடுப்பு

அடையாற்றுப் பாலத்தில் ஏறுவதற்கு முன் ஒரு மேடு உண்டு. மாட்டு வண்டிக்காரர்கள் அதை மேடு என்றே மதிப்பதில்லை. எங்கள் பஸ்ஸுக்கு அது இமயமலை. மேட்டடியில் வண்டி பெருமூச்சு விட்டு நிற்கும். பெண்களும் முடியாதவர்களும் உள்ளே இருக்கலாம். மற்ற ஆண்கள் எல்லோரும் இறங்கி, 'ஐலசா' போட்டுத் தள்ள வேண்டும். வண்டி ஒரு தடவை உயிர் பிடித்துவிட்டால் கவுஸ் பாய் அக்கரை போய்ச் சேரும் வரை நிறுத்த மாட்டார். நிறுத்தினால் மறுபடி நின்றுவிடும். ஆகவே தள்ளியவர்கள் பாலம் முழுவதும் அதன் பின்னாலேயே ஓட வேண்டும். டிக்கெட் வாங்கிக்கொண்டு ஓடும் ஜனங்களை உலகத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது.

வக்கீல் ஐயர் முதலில் இறங்க மறுத்தார். முழங்கால் வலி என்றார். "ஐயரே, நீ உள்ள குந்திகினா, நீ ஒருத்தன் இல்ல, நாலு பேரு குந்திகினு கீற மாதிரி" என்று கவுஸ் பாய் கும்பிட்டுக் கேட்டதும் இறங்கினார். முதல் நாள் பாலத்தின் பாதியில் உட்கார்ந்துவிட்டார். அடையாறு வீட்டில் இருந்த கட்சிக்காரரைப் பார்க்கத் தினம் போக வேண்டியிருந்ததால் விடவும் முடியவில்லை. மெல்ல மெல்லப் பாதி பாலம் முக்கால் பாலமாயிற்று. பிறகு அக்கரைக்கே ஓடி வந்தார். அப்புறம் ஒரு நாள் வண்டிக்கு முன்னாலேயே போய் நின்றார். பஞ்சகச்சம் இடுப்பில் நிற்கவில்லை, கோட்டைப் பிடித்துத் தைத்தாயிற்று. அவருடைய வைத்தியர் தாம் கொடுத்த லேகியத்தின் மகிமை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாராம். ஐயர் என்னிடம் வந்து குனிந்து ரகசியமாகச் சொன்னார்:

"லேகியத்தை எங்காத்துல பூனை கூடத் தொடலை. கண்டக்டர்வாள், யுத்தம் சீக்கிரம் முடியட்டும்னு நானும் வேண்டிக்கறேன். ஆனா பெட்ரோல் மட்டும் நிதானமா வரட்டும்!"

கவுஸ் பாயின் தலைநோவு

ஊரே இளைத்துத் தேறுகிறது, எனக்கு மட்டும் இருமல் போகவில்லை. கோமதிக்கு வேறு இடம் பார்க்கிறார்கள் என்று கல்யாணத் தரகர் வந்து சொல்லிவிட்டுப் போனார். மறுநாளே லஸ் பக்கம் ஒரு டாக்டரிடம் போனேன். பெட்ரோல் இல்லாமல் காரை மூடிப் போட்டுவிட்டுச் சைக்கிளில் வலம் வந்துகொண்டிருந்தவர். முன்னும் பின்னும் குழாய் வைத்துப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், எச்சிலைச் சோதிக்க அனுப்பினார். க்ஷயம் இல்லை, கியம் இல்லை என்றார். நான் அவர் காலில் விழப் போனேன். என்ன வேலை செய்கிறாய் என்று விசாரித்தார். சக்கரம் சுற்றுவதையும் பாலத்தில் தள்ளுவதையும் சொன்னேன். "தள்ளறது நெஞ்சுக்கு நல்லதுப்பா. ஆனா புகைக்குள்ள நின்னுண்டு தள்ளறியே, அதான் கெடுதல். சும்மா நிக்கறவன் ஒரு பிடி புகை தின்னா, மூச்சு வாங்கறவன் ஒரு படி தின்பான். காத்து எந்தப் பக்கத்திலேர்ந்து வர்றதோ அந்தப் பக்கமா நின்னு தள்ளு" என்றார். மருந்து எழுதித் தரவில்லை.

இதைக் கவுஸ் பாயிடம் சொன்னேன். அவர் பீடியைக் கீழே போட்டார். மறுநாள் காலையில் வண்டியைத் திருப்பி நிறுத்தினார். சக்கரம் சுற்றுகிற பக்கத்தில் காற்று வந்து, புகை எதிர்ப்பக்கம் போயிற்று. இந்தச் சின்ன விஷயம் எங்கள் இரண்டு பேருக்கும் அதுவரை தோன்றவில்லை. வண்டி நிற்கிற திசையில்தான் நிற்கும் என்று இருந்துவிட்டோம். வழியில் பீப்பாயைக் கிளறுவதற்கு வண்டியை நிறுத்தும்போதும் காற்றுப் பார்த்தே நிறுத்தினார். பின் ஜன்னல்களை நன்றாகத் திறந்து வைத்தோம். சில வாரங்களில் என் இருமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது. ஒரு நாள் மத்தியானம் கவுஸ் பாய் நெற்றியைத் தடவிக்கொண்டே ஆச்சரியமாக என்னைப் பார்த்தார்.

"எனுக்கும் தெனம் தலநோவு இருந்துச்சு நைனா, இப்ப காணோம். இத்தினி நாளா அது வூட்ல பீபி பேசுறதால வருதுன்னுல்ல நென்ச்சுகினு இருந்தேன்!"

பரீட்சைக்கு வந்தவர்

இருமல் போன செய்தியைத் தரகர் மூலம் சொல்லி அனுப்பினோம். ஒரு சாயங்காலம் பாண்டி பஜாரில் பிள்ளையே வண்டியில் ஏறினார். சலவை வேட்டி, கையில் குடை. அடையாற்றில் ஒரு வேலை என்றார். முன்னால் நல்ல இடம் இருந்தும் கடைசிப் பலகையில், பீப்பாய்க்கு அண்டையில், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் இருமுகிறேனா என்று பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. டிக்கெட் கிழித்துக் கொடுத்தேன். இருமல் வரவில்லை. ஆழ்வார்பேட்டையில் யாரோ இருமினார்கள். திரும்பினேன், பிள்ளை. லஸ்ஸில் மறுபடியும் பிள்ளை. சாந்தோம் திருப்பத்தில் எல்லோரும் இடப்பக்கம் தாவ, விஷயம் தெரியாத பிள்ளை வலப்பக்கத்து ஜன்னலோரம் காற்றுக்காகப் போய் உட்கார்ந்தார். "மாமா, அங்க வேண்டாம்" என்றேன். "எல்லாம் நமக்குத் தெரியும்" என்று சொன்னவர் அதற்குப் பிறகு அக்கரை வரை பேசவில்லை, இருமினார்.

பாலம் வந்தது. கடைக்கார முதலாளி உள்ளே உட்கார்ந்திருந்தால் கௌரவம் என்னாவது? அவரும் இறங்கி, குடையை முதுகில் செருகிக்கொண்டு, நேரே பீப்பாயை ஒட்டி நின்று தள்ளினார். வண்டி உயிர் பிடித்தது. பிடித்த வேகத்தில் உள்ளே இருந்த கரித்தூளை எல்லாம் அவர் முகத்தில் ஊதிவிட்டு ஓடியது. நாங்களும் ஓடினோம். என் தோல்பை இடுப்பில் குதிக்க, நான் காற்று வருகிற பக்கமாக ஓடினேன். சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் படவில்லை. வக்கீல் ஐயர் அங்கவஸ்திரம் பறக்கப் பிள்ளையைத் தாண்டிப் போனார். அக்கரையில் நான் ஏறி நின்று, "அடையாறு எல்லாம் எறங்கு!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன். பிசிறே இல்லை. நெற்றி முதல் தாடை வரை கறுத்துப்போன பிள்ளை, பாலத்துக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அடையாற்றில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை என்பதால் அதே வண்டியில் திரும்பினார்.

அந்த வாரக் கடைசியில் எங்கள் வீட்டு வாசலில் ஓர் இருமல் கேட்டது. அம்மா கதவைத் திறந்தாள். வெற்றிலை பாக்குத் தட்டோடு பிள்ளை நின்றிருந்தார். உட்காரும் முன்பே சொன்னார்:

"அன்னையிலேருந்து நானும் இருமிக்கிட்டுத்தான் இருக்கேன் தம்பி. எம்மக கேக்கா, 'அவுகள வேண்டாம்னுட்டீங்க, சரி. இப்ப உங்கள என்ன செய்யலாம்?'னு!"

மாலையும் கையுமாக

மருந்தீசர் சந்நிதியில் கல்யாணத்தை வைத்துக்கொள்வதாக அம்மா என் இருமலுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். அதனால் திருவான்மியூரில் முகூர்த்தம். எங்கள் பஸ்ஸிலேயே போனோம். பஸ் முதலாளியிடம் வண்டியைக் கேட்டு வாங்கிக் கவுஸ் பாய் அதற்கு வாழைக்கன்று கட்டியிருந்தார். பீப்பாய்க்குச் சந்தனம் தடவிப் பொட்டு வைத்தவள் அஞ்சலை. தாலி கட்டித் திரும்பும்போது பாலத்தடியில் வண்டி வழக்கம்போல் பெருமூச்சு விட்டு நின்றது. கவுஸ் பாய் திரும்பிப் பார்த்து, "மாப்ளே, கண்ணாலம் ஆனா இன்னா, எறங்கு!" என்றார். வண்டியே சிரித்தது. வக்கீல் ஐயர் எனக்கு முன்னால் குதித்து இறங்கிவிட்டார். அவருக்கு அது ஆகாரத்துக்கு முன் செய்கிற பயிற்சி ஆகிவிட்டிருந்தது.

நான் மாலையைக் கழற்றி ஜன்னல் வழியாகக் கோமதியிடம் கொடுத்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டே வாங்கிக்கொண்டாள். அதுவரை எங்களுக்குள் ஒரு வார்த்தை பேச்சு இல்லை. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் போனேன். நல்ல பக்கத்தை எல்லாம் பெண் வீட்டார் பிடித்துக்கொண்டிருந்தார்கள். என் மாமனார் முதல் ஆளாக அங்கே நின்றிருந்தார். பட்டது போதும் அல்லவா? மிச்சம் இருந்த இடம் பீப்பாய்க்குப் பக்கம்தான். அங்கே போய்த் தோளைக் கொடுத்தேன். ஜன்னலில் வளையல் சத்தம் கேட்டது. கோமதி தலையை வெளியே நீட்டி, அத்தனை ஜனத்துக்கும் கேட்கிற குரலில் என்னிடம் முதல் வார்த்தை பேசினாள்:

"அங்கன நிக்காதீங்க! காத்து வார பக்கமா வந்து தள்ளுங்க. இனிமே இருமினா ராத்திரி முழிச்சுக் கெடக்கப் போறது நான்தானே!"

இப்போது பெட்ரோல் வந்து, பீப்பாயைக் கழற்றி, வண்டி பாலத்தில் நிற்காமல் ஓடி, வக்கீல் ஐயரின் இடுப்பு பழைய இடத்துக்கே திரும்பி, புதுப் புகை கண்ணுக்குத் தெரியாமல் வருவதால் ஒருவரும் இடம் மாறி உட்காருவதை விட்டுவிட்டாலும், நான் மட்டும் இன்றைக்கும் எந்த வண்டிக்கும் காற்று வருகிற பக்கமாகவே நிற்கிறேன், ஏனென்றால் டாக்டர் சொன்னதை மறந்துவிடலாம், கோமதி சொன்னதை மறந்துவிட்டு வீட்டுக்குப் போக முடியாது.